கட்டண விளம்பரமும் இயல்பு முடிவும்: தேடுபொறிப் பக்கத்தின் எல்லைக்கோடு குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இணையத் தேடுபொறி ஒரு வினாவிற்குத் தரும் முடிவுகள், கட்டணம் செலுத்தி இடம்பெறும் விளம்பரங்கள் எனவும் பொருத்தத்தின் அடிப்படையில் இடம்பெறும் இயல்பு முடிவுகள் எனவும் இரண்டாகப் பகுக்கப்படுகின்றன. பயனரின் நம்பிக்கை, நிறுவனங்களின் உறுதிமொழி, அரசுகளின் ஒழுங்குமுறை ஆகிய மூன்றும் இப்பகுப்பின் மீதே நிற்கின்றன. இப்பகுப்பு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மங்கியது, இன்று எந்த அளவிற்குப் பொருந்துகிறது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தேடுபொறி நிறுவனர்களின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை, அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் கடிதங்கள், ஐரோப்பிய ஆணையம், இந்தியப் போட்டி ஆணையம், சென்னை, தில்லி உயர்நீதிமன்றங்கள் ஆகியவற்றின் முடிவுகள், களப் பரிசோதனைகள் ஆகியன இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இருவகைப் பகுப்பு மூன்றாவது வகை ஒன்றை மறைக்கிறது என்பதும், ஒழுங்குமுறை பெரும்பாலும் பெயர்ப்பலகையைக் காக்கிறதேயன்றி அதனைப் படிப்பவரைக் காக்கவில்லை என்பதும் இக்கட்டுரை வந்தடையும் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: தேடுபொறி, கட்டண விளம்பரம், இயல்பு முடிவு, தன்வணிகப் பகுதி, வணிகக்குறி, ஒழுங்குமுறை.

முன்னுரை

அச்சு ஊடகத்தில் செய்திக்கும் விளம்பரத்திற்கும் இடையே ஒரு கோடு உண்டு. கட்டம் கட்டுதல், எழுத்துருவை மாற்றுதல், மேலே ‘விளம்பரம்’ என்று அச்சிடுதல் ஆகிய வழக்கங்களால் அக்கோடு பேணப்பட்டு வந்தது. நாளிதழ் வாசகர் எதையும் கேட்டு இதழைத் திறப்பதில்லை, அச்சிட்டதைப் படிக்கிறார். தேடுபொறியில் நிலைமை வேறு. பயனர் தம் தேவையைத் தாமே சொல்லாக்கி முன்வைக்கிறார். நோயின் பெயர், மருந்தின் பெயர், கடன், வழக்கு, வரன் என அவர் எழுதும் சொல் அவருடைய அப்போதைய நிலையையே வெளிப்படுத்துகிறது. அச்சொல் விடைக்கான வினாவாகவும் ஏலத்திற்கான பண்டமாகவும் ஒரே நொடியில் செயற்படுகிறது. ஆகவே தேடுபொறிப் பக்கத்தில் விளம்பரத்தையும் விடையையும் பிரிக்கும் கோடு, அச்சிதழில் உள்ள கோட்டைவிடக் கூடுதல் பொறுப்பைச் சுமக்கிறது.

இக்கோட்டின் பொருளியல் எடையைச் சுட்ட ஓர் எண் போதும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2023ஆம் ஆண்டில் ஈட்டிய மொத்த வருவாய் ஏறத்தாழ 30,739 கோடி டாலர். அதில் தேடல், அதனைச் சார்ந்தவை என்ற தலைப்பின்கீழ் வந்தது மட்டும் 17,503 கோடி டாலர். பயனரிடம் கட்டணம் பெறாத ஒரு பணி, உலகின் மிகப்பெரிய நிறுவனங்களுள் ஒன்றின் வருவாயில் பாதிக்குமேல் தருகிறது. இந்நிலையில் கோடு எங்கு வரையப்படுகிறது, எவ்வளவு தெளிவாக வரையப்படுகிறது என்பதை வடிவமைப்பு வினாவாக மட்டும் கருத இயலாது.

1. உறுதிமொழியாகப் பிறந்த பகுப்பு

1998ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களாக இருந்த செர்ஜி பிரின், லாரி பேஜ் ஆகியோர் தங்கள் தேடுபொறியின் கட்டமைப்பை விளக்கும் கட்டுரையை வெளியிட்டனர். அதன் விரிவான வடிவத்தின் பின்னிணைப்பு விளம்பரத்தையும் அதனால் விளையும் நோக்கக் கலப்பையும் பேசுகிறது. விளம்பர வருவாயில் வாழும் தேடுபொறி, விளம்பரதாரர் பக்கம் சாய்ந்தும் பயனரின் தேவையிலிருந்து விலகியும் இயங்கும் என்பது அங்கு முன்வைக்கப்படும் கருத்து. அதற்கு அவர்கள் தரும் சான்று கருதத்தக்கது. தங்கள் சோதனைப் பொறியில் கைப்பேசி என்று தேடியபோது, வாகனம் ஓட்டும்போது கைப்பேசி பயன்படுத்துவதால் கவனம் சிதறுவதைப் பற்றிய ஆய்வு முதன்மை முடிவுகளுள் வந்தது. கைப்பேசி விளம்பரத்திற்குப் பணம் பெறும் பொறி ஒன்று, இத்தகைய பக்கத்தைத் தன் விளம்பரதாரருக்கு நியாயப்படுத்துவது கடினம் என்று அவர்கள் சுட்டினர்.

அப்பின்னிணைப்பில் இன்னும் இரண்டு கருத்துகள் உள்ளன. முதலாவது, தேடுபொறி எவ்வளவு சிறப்பாக இயங்குகிறதோ அவ்வளவுக்குப் பயனருக்கு விளம்பரத்தின் தேவை குறையும் என்பது. இரண்டாவது, வெளிப்படையாக இயங்கும் தேடுபொறி ஒன்று கல்வித்துறைக்குள் இருக்க வேண்டும் என்பது. முதற்கருத்து தருக்க நிலையில் கூர்மையானது: விடையின் தரமும் விளம்பரத்தின் தேவையும் எதிர்த்திசையில் நகர்வன எனில், இரண்டையும் ஒரே நிறுவனம் ஆளும்போது முரண் தவிர்க்க இயலாததாகிறது. இரண்டாம் கருத்து நடைமுறைக்கு வராமலே போயிற்று.

அதே 1998இல் பில் குரோஸ் தொடங்கிய கோடூ என்னும் நிறுவனம் எதிர்த்திசையில் நடந்தது. தேடுசொல்லை ஏலத்தில் விட்டு, கூடுதல் தொகை கேட்டவரை மேலே நிறுத்தி, பயனர் சொடுக்கும்போது மட்டும் கட்டணம் பெறும் முறையை அது வணிகமாக்கியது. அங்குப் பகுப்பிற்கு இடமில்லை. பட்டியலே விளம்பரமாக இருந்தது. இந்நிறுவனம் 2001இல் ஓவர்ச்சூர் எனப் பெயர் மாறி, 2003இல் யாஹூவால் வாங்கப்பட்டது.

கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்னும் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் சொடுக்குக்கான கட்டண முறைக்கு மாறியபோது, கேட்ட தொகையோடு பயனர் சொடுக்கும் வீதத்தையும் சேர்த்து இடத்தைத் தீர்மானித்தது. ஓவர்ச்சூரின் ஏலக் காப்புரிமை தொடர்பான வழக்கு 2004இல் முடிவுற்றபோது, கூகுள் தன் பங்குகளில் 27 இலட்சத்தை யாஹூவிற்கு அளித்தது. எனவே ஏல முறை கடன்பெறப்பட்டது. கூகுளின் தனித்தன்மை, ஏலத்தை ஒரு பக்கமும் விடையை ஒரு பக்கமும் நிறுத்தி, ஒன்று மற்றொன்றைத் தீண்டாது என்று உறுதியளித்ததில் இருந்தது. 2004இல் பொதுப் பங்கு வெளியிட்டபோது நிறுவனர்கள் எழுதிய கடிதத்திலும் தேடல் முடிவுகளில் இடம்பெறவோ அடிக்கடி புதுப்பிக்கப்படவோ பணம் பெறுவதில்லை என்ற உறுதி இடம்பெற்றது.

கட்டணம் எதிர் இயல்பு என்ற பகுப்பு ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே அளித்த உறுதிமொழியாகப் பிறந்தது என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது. பொருளின் இயல்பிலிருந்து எழுந்த வகைப்பாடாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது. உறுதிமொழி என்பதால், அது காக்கப்பட்டதா என்று சோதிப்பது திறனாய்வின் கடனாகிறது.

2. பெயர்ப்பலகையின் தேய்வு

உறுதிமொழியைப் பயனருக்குத் தெரிவிக்கும் கருவி பெயர்ப்பலகை. 2001இல் ‘கமர்ஷியல் அலர்ட்’ என்னும் நுகர்வோர் அமைப்பு, பல தேடுபொறிகள் பணம் பெற்ற முடிவுகளைத் தக்க அறிவிப்பின்றிக் காட்டுகின்றன என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்திடம் முறையிட்டது. 2002 ஜூன் மாதத்தில் ஆணையத்தின் அலுவலர்கள் தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினர். பணம் பெற்று உயர்த்தப்பட்ட முடிவுகள் தெளிவாக வேறுபடுத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ‘பரிந்துரைக்கப்படும் தளங்கள்’, ‘சிறப்புப் பட்டியல்’ என்னும் பொருள்படும் தலைப்புகள் விளம்பரத்தின் தன்மையை உணர்த்தப் போதுமானவையல்ல என்பதையும் அக்கடிதம் கவனத்திற்குக் கொணர்ந்தது.

2013 ஜூனில் ஆணையம் மீண்டும் எழுத நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் விளம்பரத்தை வேறுபடுத்திய பின்னணி நிறம் கண்ணுக்குப் புலப்படாத அளவிற்கு வெளிறிவிட்டது என்பது அக்கடிதத்தின் முதன்மைக் குறை. அதன்பின் நிகழ்ந்தவையும் அதே திசையில் சென்றன. கூகுளில் 2013இல் பின்னணி நிறம் நீங்கி, ‘விளம்பரம்’ என்னும் பொருளுடைய சிறிய மஞ்சள் பட்டை வந்தது. 2016இல் பட்டை பச்சையாயிற்று, முகவரி வரியும் பச்சையாகவே இருந்தது. 2017இல் நிறப்பட்டை நீங்கி வெறும் பச்சைக் கோடாயிற்று. 2020 ஜனவரியில் மேசைக் கணினிப் பக்கத்தில் கறுப்பு எழுத்தாக மாறியது. அதே வேளையில் இயல்பு முடிவுகளின் முன்னும் சிறு சின்னங்கள் சேர்க்கப்பட்டதால் இரண்டும் ஒத்த தோற்றம் பெற்றன. கண்டனம் எழுந்தபின் அச்சின்னங்களின் அமைப்பை நிறுவனம் மறுபரிசீலனை செய்தது. 2022இல் கைப்பேசிப் பக்கத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்ற சொல் முன்சொல்லின் இடத்தைப் பிடித்தது.

சொல் மாற்றமும் ஆராய்தற்குரியது. ‘விளம்பரம்’ என்ற சொல் விற்பனை நோக்கத்தை நேரடியாக உணர்த்துகிறது. ‘ஸ்பான்சர்’ என்ற சொல்லோ தமிழ் வழக்கில் புரவலர், ஆதரவாளர் என்னும் பொருளில் வேரூன்றியது. கோயில் திருவிழாவிற்கும் விளையாட்டுப் போட்டிக்கும் ஸ்பான்சர் உண்டு; அவர் நிகழ்ச்சியைத் தாங்குபவராகக் கருதப்படுகிறார். அச்சொல்லைத் தேடல் முடிவின் தலையில் பார்க்கும் தமிழ்ப் பயனருக்கு ‘இவ்விடம் விலைக்கு வாங்கப்பட்டது’ என்ற செய்தி உடனடியாகச் சென்று சேரும் என்று கொள்வதற்கில்லை.

பெயர்ப்பலகை இருந்தும் அது படிக்கப்படுகிறதா என்பது அடுத்த வினா. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2005இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தேடுபொறி பயன்படுத்துவோரில் 62 விழுக்காட்டினர் கட்டண முடிவு, கட்டணமில்லா முடிவு என்ற வேறுபாடு இருப்பதையே அறியவில்லை. இதனோடு இணைத்துக் காணவேண்டியது, பயனர் இடத்தை நம்பும் போக்கு. 2007இல் வெளியான விழியசைவு ஆய்வொன்றில் கூகுள் முடிவுகளின் வரிசை பங்கேற்பாளர் அறியாமல் மாற்றப்பட்டது. பொருத்தம் குறைந்த முடிவு மேலே வந்தபோதும் அவர்கள் மேலிருந்ததையே பெரிதும் தேர்ந்தனர். இடமே தகுதிச் சான்றாகக் கொள்ளப்படுகிறது என்பதே இதன் பொருள். அவ்வாறாயின், மேலிடத்தை விற்பது அந்தச் சான்றையே விற்பதாகிறது. அருகில் ஒட்டப்படும் சிறு சொல் அவ்விற்பனையை ஈடுசெய்வதில்லை. 2016இல் மேசைக் கணினிப் பக்கத்தின் வலப்புற விளம்பரங்கள் நீக்கப்பட்டு, வணிகத் தேடல்களில் முடிவுகளுக்கு மேலே நான்கு விளம்பரங்கள் வரை இடம்பெறச் செய்ததை இவ்வெளிச்சத்தில் காணுதல் வேண்டும். ஓரத்தில் நின்றது விடையின் தலைவாயிலுக்கு வந்தது.

3. ‘இயல்பு’ என்ற சொல்லின் சிக்கல்

ஆங்கிலத்தில் ‘ஆர்கானிக்’ எனப்படும் முடிவுகளைத் தமிழில் இயற்கை முடிவுகள், இயல்பு முடிவுகள், கட்டணமில்லா முடிவுகள் எனப் பலவாறு பெயர்க்கின்றனர். மூன்றும் ஒரே பொருளைச் சுட்டினும் மூன்றின் மதிப்பீடும் வேறு. ‘இயற்கை’ என்பது உரமும் மருந்தும் இடாத விளைச்சலை நினைவூட்டி, மனிதத் தலையீடு இல்லை என்று சொல்லாமல் சொல்கிறது. ‘கட்டணமில்லா’ என்பது தேடுபொறிக்குப் பணம் தரப்படவில்லை என்ற அளவில் மட்டும் நிற்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்டது ‘இயல்பு’.

நடப்பில் இம்முடிவுகளுக்கும் பணத்திற்கும் உறவு உண்டு. அப்பணம் தேடுபொறிக்கு நேரே செல்வதில்லை என்பதே வேறுபாடு. ஒரு பக்கத்திற்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை வாக்குகளாகக் கொள்வது கூகுள் படிமுறையின் தொடக்கக் கொள்கை. வாக்கு மதிப்புடையதானால் விலைக்கும் வரும். 2011 பிப்ரவரியில் அமெரிக்கப் பல்பொருள் விற்பனை நிறுவனமான ஜே.சி. பென்னியின் தளம், தொடர்பற்ற பல தளங்களில் வைக்கப்பட்ட இணைப்புகளின் துணையால் பல பொருள்களுக்கு முதலிடம் பெற்றிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. அதன்பின் கூகுள் அத்தளத்தைப் பின்னுக்குத் தள்ளியது. அதே ஆண்டு தரம் குறைந்த உள்ளடக்கத்தைத் தொகுதியாக உற்பத்தி செய்த தளங்களுக்கு எதிராகப் ‘பாண்டா’ என்ற மாற்றமும், 2012இல் செயற்கை இணைப்புகளுக்கு எதிராகப் ‘பென்குவின்’ என்ற மாற்றமும் படிமுறையில் செய்யப்பட்டன. தேடுபொறி உகப்பாக்கம் ஒரு தொழிலாக வளர்ந்துள்ள சூழலில், இயல்பு முடிவின் முதலிடம் பொருத்தத்தின் விளைவா முதலீட்டின் விளைவா என்று பயனரால் பிரித்தறிய இயலாது. எனவே விளம்பரத்தை ஐயுற்று, அதன்கீழ் உள்ளதை முழுமையாக நம்பும் வாசிப்பும் குறையுடையதே.

4. மூன்றாவது வகை: தன்வணிகப் பகுதிகள்

இருவகைப் பகுப்பின் பெரிய குறை, தேடுபொறி நிறுவனத்தின் சொந்தச் சேவைகளை அது எந்த வகையிலும் சேர்க்காததாகும். பொருள் விலை ஒப்பீடு, வானூர்திப் பயணச்சீட்டு, விடுதி, நிலப்படம் முதலியவற்றிற்கான பெட்டிகள் முடிவுப் பக்கத்தில் முதன்மையான இடம் பெறுகின்றன. இவற்றை இக்கட்டுரை ‘தன்வணிகப் பகுதிகள்’ எனச் சுட்டுகிறது.

ஐரோப்பிய ஆணையம் 2017 ஜூன் 27 அன்று கூகுளுக்கு 242 கோடி யூரோ தண்டம் விதித்தது இது தொடர்பாகவே. தன் பொருள் ஒப்பீட்டுச் சேவையை மேலே நிறுத்தி, போட்டியாளரின் சேவைகளைப் படிமுறையால் கீழிறக்கியது என்பது குற்றச்சாட்டு. மேசைக் கணினியில் முதற்பக்கத்தின் பத்து முடிவுகள் மொத்தச் சொடுக்குகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டைப் பெறுகின்றன. இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவு பெறுவது ஏறத்தாழ 1 விழுக்காடே. உயர்ந்த இடம் பெற்ற போட்டிச் சேவையும் சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் தோன்றியது என்று ஆணையம் கண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2021இலும், உச்சநிலை நீதிமன்றம் 2024 செப்டம்பரிலும் இம்முடிவை உறுதி செய்தன.

இந்தியாவில் இவ்வினாவை எழுப்பியதில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட திருமணத் தகவல் நிறுவனம் ஒன்றுக்குப் பங்குண்டு. பாரத் மேட்ரிமனி தளத்தை நடத்தும் நிறுவனமும் கட்ஸ் என்னும் நுகர்வோர் அமைப்பும் 2012இல் அளித்த தகவல்களின் பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் பெரும்பான்மை முடிவாகக் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. வானூர்திப் பயணத் தேடலில் தன் வணிகப் பெட்டியை முன்னிறுத்தியது குறையாகக் கண்டறியப்பட்டது. 2010க்கு முன் சில வகை முடிவுகள் பொருத்தத்தைப் பாராது முன்கூட்டியே வரையறுத்த இடங்களில் நிறுத்தப்பட்டன என்பதும் பதிவாயிற்று. விளம்பர ஏலத் திட்டம் தொடர்பான குற்றச்சாட்டுகளை ஆணையம் ஏற்கவில்லை.

இம்முடிவுகள் திறனாய்வு நோக்கில் முதன்மையானவை. கட்டணம் செலுத்தப்படாத, எனவே விளம்பரம் என்ற பெயர்ப்பலகை தேவைப்படாத, ஆயினும் பொருத்தத்தால் மட்டும் அமையாத ஓர் இடம் பக்கத்தில் உண்டு என்பதை இவை நிறுவுகின்றன.  இவ்வகைக்கு அரசுகள் போட்டிச் சட்டத்தின் வழியே பல ஆண்டுகள் கழித்துத் தண்டம் விதித்தன.

5. பெயரின்மீது ஏலம்

கட்டண விளம்பரத்தின் கூர்மையான சிக்கல், ஒருவர் பெயரை மற்றவர் திறவுச்சொல்லாக வாங்கும் நிலையில் எழுகிறது. மேற்சுட்டிய திருமணத் தகவல் நிறுவனம், தன் வணிகக்குறிகளைத் தேடும் பயனருக்குப் போட்டியாளரின் விளம்பரங்கள் காட்டப்படுவதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. 2010 செப்டம்பர் 30 அன்று தனி நீதிபதி அளித்த தீர்ப்பில், ‘பாரத்’, ‘தமிழ்’, ‘மேட்ரிமனி’ போன்ற சொற்களின் விளக்கத்தன்மை மைய இடம் பெற்றது. பொதுவழக்கிலுள்ள விளக்கச் சொற்களைப் பிறர் பயன்படுத்துவதை ஒருவர் முற்றாகத் தடுக்க இயலாது என்ற நோக்கில் அத்தீர்ப்பு அமைந்தது. மொழி பொதுச்சொத்து என்ற வகையில் இந்நோக்கு ஏற்புடையதே. ஆயினும் அப்பொதுச் சொத்தை ஏலம் விட்டு வருவாய் பெறுபவரின் நிலை என்ன என்ற வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவிற்குத் தில்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு 2023 ஆகஸ்டில் விடை தர முயன்றது. வணிகக்குறியைத் திறவுச்சொல்லாகப் பயன்படுத்துவது சட்டத்தின் பொருளில் ‘பயன்பாடு’ ஆகும். ஆயினும் அதுவே தன்னளவில் உரிமை மீறல் ஆகாது. குழப்பம் விளைந்தால் மீறலாகலாம். தேடுபொறி நிறுவனம் விளம்பரத் திட்டத்தில் செயலூக்கமுடைய பங்காளி என்பதால், மீறல் நிகழுமிடத்து இடைநிலையாளருக்குரிய பாதுகாப்பை எப்போதும் கோர இயலாது என்று அவ்வமர்வு கருதியது.

இச்சட்ட விவாதத்தை இபே நிறுவனத்தின் பரிசோதனையோடு இணைத்துப் படித்தல் பயன் தரும். பொருளியலாளர்கள் பிளேக், நோஸ்கோ, டடேலிஸ் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2012இல் இபே தன் பெயரைத் திறவுச்சொல்லாகக் கொண்ட விளம்பரங்களை யாஹூ, மைக்ரோசாஃப்ட் தேடுபொறிகளில் நிறுத்தியது. விளம்பரச் சொடுக்கு நின்றதால் இழந்த வருகையில் 99.5 விழுக்காடு உடனே இயல்பு முடிவின் வழியே வந்து சேர்ந்தது. தன்னைத் தேடி வருவோரைத் தன்னிடம் சேர்ப்பிக்கத் தானே கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தது அந்நிறுவனம் என்பது வெளிப்பட்டது.

சென்னை வழக்கும் இபே பரிசோதனையும் ஒரே நிலையின் இரு பக்கங்கள். தன் பெயரில் விளம்பரம் வாங்காத நிறுவனம், போட்டியாளர் அப்பெயரின்மீது நிற்பதைக் காண நேரும்; வாங்கினால், இயல்பாகக் கிடைக்கவேண்டிய வருகைக்கு விலை கொடுக்க நேரும். இபே போன்று உலகறிந்த பெயர் விளம்பரத்தை நிறுத்தித் தாங்க இயலும். சிறு நிறுவனத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை. பெயருக்கும் பெயருடையவருக்கும் இடையே ஒரு சுங்கச்சாவடி எழுந்துள்ளது. அச்சாவடி செலவைப் பொருளின் விலையில் சேர்த்து இறுதியில் செலுத்துபவர் பயனரே.

6. பயனரின் இழப்பு

விளம்பரத்தை முற்றும் தீதெனக் கொள்வது நடுநிலையாகாது. காலணியோ பயணப்பையோ வாங்க விரும்புபவருக்கு விற்பனையாளரின் விளம்பரம் பொருத்தமான விடையாகவே அமையலாம். இயல்பு முடிவில் இடம்பெறப் பல ஆண்டுகள் தேவைப்படும் புதிய நிறுவனத்திற்கு விளம்பரமே வாயில். தரத்தையும் கணக்கிலெடுக்கும் ஏல முறை பொருத்தமற்ற விளம்பரத்தைக் கீழிறக்குகிறது. கட்டணமின்றித் தேடல் கிடைப்பதும் இவ்வருவாயால்தான். இவ்வாதங்கள் வலுவுடையன; ஆனால் வாங்குபவர் தாம் வாங்குவதை அறிந்து, தவறினால் திருத்திக்கொள்ள இயலும் இடத்தில் மட்டுமே அவை வலுவுடையன.

அவ்வாறு இயலாத இடங்கள் உண்டு. கனடாவைச் சார்ந்த இணைய மருந்தகங்கள் அமெரிக்கப் பயனருக்குச் சட்டத்திற்குப் புறம்பாக மருந்து விற்க விளம்பரம் செய்ததை அனுமதித்தமைக்காக, 2011 ஆகஸ்டில் கூகுள் அமெரிக்க அரசிற்கு 50 கோடி டாலரை இழக்க உடன்பட்டது. போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேடுவோரை இடைத்தரகர்கள் விளம்பரத்தின் வழியே ஈர்ப்பது வெளியானபின், 2017 செப்டம்பரில் அமெரிக்காவில் அவ்வகை விளம்பரங்களைக் கூகுள் கட்டுப்படுத்தி, 2018இல் சான்றளிப்பு முறையுடன் மீண்டும் ஏற்றது. அதே 2018இல் கணினிப் பழுதுநீக்கச் சேவை விளம்பரங்களும் மோசடியின் காரணமாகக் கட்டுப்படுத்தப்பட்டன. இம்மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. தேடுபவர் அவசரத்திலும் அச்சத்திலும் இருக்கிறார். அவசரம் மிகுந்த சொல்லின் ஏல மதிப்பும் மிகுதி. பயனரின் இயலாமை கூடும் இடத்தில் விளம்பரத்தின் விலையும் கூடுகிறது. மூன்றிலும் பெயர்ப்பலகை இருந்தது. அது எவரையும் காக்கவில்லை. கேடு வெளிப்பட்டபின் விதிக்கப்பட்ட தடையே ஓரளவு காத்தது.

இந்தியாவில் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட இருள்வடிவங்களைத் தடுக்கும் வழிகாட்டுநெறிகள் 13 வகை வடிவங்களைப் பட்டியலிடுகின்றன. விளம்பரத்தைப் பிற உள்ளடக்கம்போலத் தோன்றச் செய்யும் ‘மறைமுக விளம்பரம்’ அவற்றுள் ஒன்று. தேடல் முடிவுப் பக்கத்தை இவ்வரையறையின்கீழ் வைத்து ஆராயும் வாய்ப்பைச் சட்ட ஆய்வாளர்கள் கருதலாம்.

போட்டியின்மை இச்சிக்கலை ஆழப்படுத்துகிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் பொதுத் தேடலிலும் தேடல் உரை விளம்பரத்திலும் கூகுள் தன் முற்றுரிமையைச் சட்டவிரோதமாகப் பேணியது என்று தீர்ப்பளித்தது. உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் இயல்நிலைத் தேடுபொறியாக இடம்பெற 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்நிறுவனம் 2,630 கோடி டாலர் செலுத்தியிருந்தது. முடிவுப் பக்கத்தில் இடத்தை விற்பவரே, பயனரின் கருவியில் முதலிடத்தை விலைக்கு வாங்கியிருக்கிறார். கோடு மங்கினாலும் பயனர் வேறிடம் செல்வது அரிது என்றால், கோட்டைத் தெளிவாக வைப்பதற்கான வணிக நெருக்குதலும் குறைகிறது.

முடிவுரை

• கட்டணம், இயல்பு என்ற பகுப்பு ஒரு நிறுவனத்தின் உறுதிமொழியாகத் தோன்றியது. அவ்வுறுதிமொழியின் எதிர்காலச் சிக்கலை அதன் நிறுவனர்களே 1998இல் முன்னுணர்ந்து எழுதியுள்ளனர்.

• பெயர்ப்பலகையின் நிறமும் சொல்லும் அடுத்தடுத்து மாறி, வேறுபாட்டைக் கூர்மையாக்குவதற்கு மாறாக மங்கச் செய்துள்ளன. இடமே தகுதியாகக் கொள்ளப்படும் பக்கத்தில் சிறு சொல்லின் ஆற்றல் குறைவு.

• இயல்பு முடிவு பணத்தின் தொடர்பற்றதன்று. தமிழில் ‘இயற்கை முடிவு’ என்ற பெயர்ப்பு தவறான நம்பிக்கையைத் தரும். ‘கட்டணமில்லா முடிவு’ என்பதே ஆய்வு எழுத்தில் பொருள் வரம்பு மீறாத சொல்.

• தன்வணிகப் பகுதி என்ற மூன்றாவது வகையை ஏற்காத வகைப்பாடு முழுமையற்றது. இவ்விடத்திற்குப் பணம் தந்தவர் யார், இவ்விடம் யாருடைய சொந்தச் சேவை, இம்முடிவு இங்கு நிற்பதற்குக் காரணம் என்ன என்ற மூன்று வினாக்களுக்கும் பக்கம் விடை தரும்போதே வெளிப்படைத்தன்மை நிறைவு பெறும்.

• ஒழுங்குமுறை போட்டியாளரின் இழப்பை அளந்த அளவிற்குப் பயனரின் இழப்பை அளக்கவில்லை. உடல்நலம், கடன், சட்ட உதவி ஆகிய துறைகளில் கேட்பவரின் நிலையைக் கருதிய முன்தடை தேவை.

2024 முதல் தேடுபொறிகள் செயற்கை நுண்ணறிவால் தொகுத்த விடையைப் பத்தியாக மேலே தருகின்றன; அவ்விடையோடு விளம்பரமும் இணையத் தொடங்கியுள்ளது. பட்டியலில் ஒரு வரியை மற்றொரு வரியிலிருந்து பிரிக்கவே கால் நூற்றாண்டாக இயலவில்லை. பத்திக்குள் விலைக்கு வந்த சொல்லையும் வாராத சொல்லையும் பிரிப்பது அதனினும் கடினம். தமிழில் தேடல் முடிவுகளின் தன்மையையும், தமிழ்ப் பயனர் பெயர்ப்பலகையை உணரும் முறையையும் அளந்தறியும் கள ஆய்வுகள் இத்துறையில் உடனடித் தேவையாகின்றன.